பலெர்மோவில் நான் தலைமை தாங்கிய கூட்டம்

என் தங்கச்சியின் மகள் சுகந்தி இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் இருக்கிறாள். தன் மகள் யூலியா கோயிலில் முதல் நன்மை வாங்குகிற விழாவுக்கு வரச்சொல்லி என்னைத் தொலைபேசியில் கேட்டாள். “எனக்கு வேண்டாம் பிள்ளை, இந்த வயதிலை எங்கை வாறது?” என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோது, “சரி, உன்ரை விருப்பம்” என்றேன். அந்த நேரம் என் பெட்டி பாதி அடுக்கி முடிந்திருந்தது.

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் இது ஒரு ஒழுங்கு. தேத்தண்ணி தந்தாலும், சோறு போட்டாலும், பதவி தந்தாலும் முதல் இரண்டு ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொல்வது. மூன்றாம் தரம் சொல்வதுதான் மறுமொழி. கேட்கிறவருக்கும் அது தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அங்கே நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

விமானத்தில் நான் பட்ட பாட்டை எழுதப்போவதில்லை. கழிவறைக் கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளே நின்றதெல்லாம் ஊருக்குத் தெரியத் தேவையில்லை.

சுகந்தியின் புருசன் ரெஜி வந்து கூட்டிக்கொண்டு போனான். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மொட்டை மலை. வியா மக்வேதா என்கிற கடைத்தெருவிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் வீடு. நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒரு அருள்நிறை மரியே சொல்லி ஏறினேன். ரெஜி பெட்டியை மேலே வைத்துவிட்டுத் திரும்பி வந்து, “பெரியம்மா, உங்களையும் தூக்கவோ?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது உண்மையான வேண்டாம்.

எங்களூரில் வேலிக்குள்ளே மறைத்துக் காயப்போடுகிற உடுப்புகளை இங்கே தெருவுக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுகிறார்கள். போகிற ஆட்களின் தலையில் தண்ணீர் சொட்டினால் அவர்கள் மேலே பார்த்து ஏசுகிறார்கள். மேலே நிற்கிறவர் கீழே பார்த்து ஏசுகிறார். பிறகு இரண்டு பேரும் சுகம் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். எதிர்வீட்டுக் கிழவி பல்கணியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவாள். ரொட்டி விற்கிற பாண்காரன் அதில் பாண் வைப்பான். கூடை மேலே போகும். பாண் கல்லாய் இருந்தால் கூடை பாணோடு திரும்பி வரும், கூடவே பேச்சும் வரும். எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

அடுத்த நாள் சுகந்தி தான் வேலை செய்கிற வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள். ராகேலே என்ற வயதான பெண்ணைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவரைச் சிஞோரா, அதாவது அம்மா, என்று கூப்பிடுவாள். வடக்கே பெரிய நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். புருசன் இறந்தபிறகு மகனோடு இருக்க இங்கே வந்தவர். யூத சமயத்தவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் மெழுகுதிரி ஏற்றினால் சனிக்கிழமை இருட்டும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. தவக்காலத்தில் நாங்கள் இருப்பதைவிட அவர் ஒவ்வொரு கிழமையும் கட்டுப்பாடாய் இருக்கிறார்.

சிஞோரா என்னை இருத்தி, ஒரு தட்டை நீட்டினார். கன்னோலி என்கிற பலகாரம். மொறுமொறுப்பான குழலுக்குள் இனிப்புப் பாற்கட்டி அடைத்து, இரண்டு முனையிலும் பச்சை நிறப் பிஸ்தாப் பருப்புத் தூள் தூவியது. வழியெல்லாம் கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்த பலகாரம். “சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார். சுகந்தி தமிழில் சொன்னாள். நான் தலையைக் குனிந்து, கையை ஆட்டி, வேண்டாம் என்றேன். சிஞோரா சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தட்டைக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

நான் புறப்படும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறக்கவில்லை.

படியிறங்கும்போது சுகந்தி சிரித்தாள். “பெரியம்மா, இஞ்சை வேண்டாமெண்டால் வேண்டாம்தான். ரெண்டாம்தரம் கேக்க மாட்டினம். ஒராள் சொன்னதை நம்புறதுதான் இவையின்ரை மரியாதை. வேணுமெண்டால் ஓமெண்டு சொல்லிப் பழகுங்கோ.”

“இதை மேலை ஏறமுன்னம் சொல்லியிருக்கலாமே” என்றேன். ஆனால் அந்தப் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம். அளவுக்கு மிஞ்சி நன்றாகப் பிடித்துக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சுகந்திக்குச் சிஞோரா லீவு கொடுத்திருந்தார். ரெஜி எங்களை ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குச் சாப்பிட வரச்சொன்னான். அது மீன்பிடிக்காரர் இருக்கிற சின்ன இடம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் அவன் வேலை. நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வராது, வராது, பிறகு இரண்டு சேர்ந்து வரும் என்று சுகந்தி சொன்னாள். அப்படியே வந்தது. முதலாவதில் நெரிசல் என்று இரண்டாவதில் ஏறினோம். கதவு என் சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு சாத்திவிட்டது. கத்துவதற்கு வெட்கமாக இருந்தது. தலைப்பு வெளியே கொடிபோலப் பறக்க, கதவோடு ஒட்டி நின்று பயணம் செய்தேன். ஒரு கிழவர் கண்டு, பஸ் முழுவதும் அதிரச் சத்தம் போட்டார். சாரதி நிறுத்தி, இறங்கி வந்து, தலைப்பைத் தட்டி என் கையில் தந்து, நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டார். அந்தக் கலவரத்தில் அது எந்த பஸ் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அது எங்களை மொண்டெல்லோவில் கொண்டுபோய் இறக்கியது.

மொண்டெல்லோ கடற்கரையில் சனம் கருவாடு காயப்போட்டது மாதிரிக் கிடந்தது. நான் ஒருத்திதான் ஆறு யார்ச் சேலையும் குடையுமாய் நின்றேன். அவர்கள் என்னைப் பார்க்க, நான் மண்ணைப் பார்க்க, சுகந்தி ரெஜியோடு தொலைபேசியில் சண்டை பிடித்தாள். பிறகு வேறு பஸ் பிடித்துப் போய்ச்சேர மத்தியானம் கழிந்துவிட்டது.

அந்தக் கடைக் குசினியிலிருந்து கணவாய் மீன் மணத்தோடு ஒருவர் கை துடைத்துக்கொண்டு வந்தார். அவர்தான் அருள் மாஸ்டர். சமையல் வேலை செய்தாலும் எல்லாருக்கும் மாஸ்டர். பங்குக் கோயில் மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் தலைவர்.

“பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை எங்கடை பொதுக்கூட்டம். கட்டாயம் வாங்கோ. அடுத்த அஞ்சு வருசத்துக்குத் திட்டம் போட்டு வைச்சிருக்கிறன். சொந்தக் கட்டடம், பாண்ட் வாத்தியம், நூலகம்.”

சுகந்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு டீச்சர். “மாஸ்டர், முதல்லை கரும்பலகைக்கு ஒரு டஸ்டர் வாங்குங்கோ. நான் என்ரை கழுத்துச் சோலாலை துடைக்கிறன்” என்றாள். மாஸ்டர் அதைக் கேட்காதவர் மாதிரி எனக்கு மீன் போட்டார். நான் இரண்டு தரம் வேண்டாம் என்றேன். அவர் மூன்றாம் தரமும் போட்டார். எங்கள் ஆள்.

வீட்டுக்குத் திரும்பும்போது சுகந்தி பள்ளிக்கூடத்துச் சண்டையைச் சொன்னாள். பலெர்மோவில் எங்கள் சனத்தில் பாதிப்பேர் வீட்டு வேலை. அவர்களுக்கு ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும். மற்றப் பாதி சாப்பாட்டுக் கடை வேலை. அவர்களுக்கு ஞாயிறுதான் வேலையில் முதுகு முறிகிற நாள், ஓய்வு திங்கள். பள்ளிக்கூடம் ஞாயிறு பின்னேரம் நடக்கிறது. கடைக்காரர் அதைத் திங்களுக்கு மாற்றச் சொல்கிறார்கள், வீட்டு வேலைக்காரர் ஏலாது என்கிறார்கள். திங்கள் கட்சிக்கு அருள் மாஸ்டர். ஞாயிறு கட்சிக்குச் செயலாளர் பவளம் டீச்சர். இந்த இழுபறியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்.

“பள்ளிக்கூடம் மூடினா எனக்கு இஞ்சை ஒண்டுமில்லை, பெரியம்மா” என்றாள் சுகந்தி. “கிழமை முழுக்க ஆரின்ரையோ வீட்டு நிலம் துடைக்கிறன். ஞாயிறு ரெண்டு மணித்தியாலம்தான் என்னை டீச்சர் எண்டு கூப்பிடுகினம்.”

ஞாயிறு காலை யூலியாவின் முதல் நன்மை. வெள்ளைச் சட்டையில் தேவதைபோல வந்து, பீடத்துக்கு முன்னால் சப்பாத்து வாரைச் சரிசெய்யக் குனிந்து, தலையிலிருந்த பூமுடியைக் கீழே விழுத்தினாள். எல்லாரும் சிரிக்க, அவள் இத்தாலி மொழியில் ஏதோ சொல்லித் தோளைக் குலுக்கினாள்.

பின்னேரம் அதே மண்டபத்தில் பொதுக்கூட்டம். கடைக்காரர் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் ஓடி வந்திருந்தார்கள். எல்லாரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதி உண்டு. தெரிவு நடக்கமுன்னம் பழைய சபை கலைந்துவிட வேண்டும். எந்தப் பக்கமும் சேராத ஒருவரைத் தற்காலிகத் தலைவராகப் போட்டுத்தான் புதிய சபையைத் தெரிவுசெய்ய வேண்டும். புதிய சபை வரும்வரை மண்டபத்தைப் பூட்டுகிற திறப்பும் பொறுப்பும் அவரிடம். மற்ற வருடங்களில் சுவிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ விருந்துக்கு வந்த ஆராவது அகப்படுவார். இந்த முறை அப்படி ஒருவரும் இல்லை. மண்டபத்தில் இருந்த எல்லாரும் ஒன்றில் திங்கள், அல்லது ஞாயிறு.

ஒரு குரல், “தூணுக்குப் பின்னாலை ஒராள் இருக்கிறா” என்றது.

“ஐயோ, எனக்கு வேண்டாம்” என்றேன்.

“வாங்கோ பெரியம்மா.”

“வேண்டாம் பிள்ளையள், நான் அஞ்சாம் வகுப்பு.”

“வாங்கோ, வாங்கோ!” மூன்றாம் தரத்துக்கு நான் மறுமொழி சொல்லமுன்னமே கதிரையோடு தூக்கி முன்னால் வைத்துவிட்டார்கள். கையில் ஒரு பெரிய இரும்புத் திறப்பைத் தந்தார்கள். பிடிக்க வேறொன்றும் இல்லாதபடியால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒருவர் எழும்பி, “தலைவர் பதவிக்கு அருள் மாஸ்டரை முன்மொழியிறன்” என்றார். இன்னொருவர் வழிமொழிந்தார். மாஸ்டர் எழும்பி, தலையை ஒரு பக்கம் சரித்து, “எனக்கு வேண்டாம். புதுசாய் ஆரையும் போடுங்கோ” என்றார்.

என் கண்ணுக்கு முன்னால் அந்தக் குளிர்ப்பெட்டிக் கதவு வந்தது. இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம். ஒராள் சொன்னதை நம்புவதுதான் மரியாதை. “சரி” என்றேன். “அடுத்தவர்?”

மாஸ்டர் எழும்பினபடியே நின்றார். பவளம் டீச்சரின் பக்கத்தில் ஆரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பிறகு டீச்சரை முன்மொழிந்தார்கள். அவரும் பழக்கத்தில், “ஐயோ, எனக்கு நேரமில்லை, வேண்டாம்” என்றார்.

“சரி” என்றேன்.

பிறகு எத்தனையோ பெயர்கள் வந்தன. எல்லாரும் மரியாதையான ஆட்கள். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். எல்லாருக்கும் சரி என்றேன். சுகந்தி முன்வரிசையிலிருந்து கண்ணால் ஏதோ காட்டினாள். என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். கடைசியில் முன்மொழிய ஆளில்லை. கடைக்காரருக்கு நேரமாகிவிட்டது. ரோல்ஸ் பலகாரத்தையும் தேத்தண்ணியையும் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மண்டபத்தில் நானும் திறப்பும் மிஞ்சினோம்.

“பெரியம்மா, என்ன செய்துபோட்டியள்?” என்று சுகந்தி தலையில் கைவைத்தாள். “இப்ப பள்ளிக்கூடத்துக்குத் தலைவர் நீங்கள்தான்! செயலாளரும் நீங்கள்தான்!”

“நீதானே பிள்ளை படியிலை சொன்னனீ!”

“அது இத்தாலிக்காரருக்கு!”

அந்த நேரம் பார்த்துக் கோயில் குருவான பங்குச்சாமி வந்தார். வருகிற ஞாயிறு பின்னேரத்துக்குள் மண்டபத்துக்குப் பொறுப்பான ஒரு ஆளின் பெயரைத் தரவேண்டும், இல்லாவிட்டால் மண்டபத்தை நடன வகுப்புக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். இங்கே தங்கியிருக்கிற ஆளாய் இருக்க வேண்டும். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை விமானம் ஏறப்போகிற கிழவி சரிவராது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சுகந்தி வீட்டுக்குப் போகும்வரை எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். அவள் ஏசியிருந்தால் இதைவிட லேசாய் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஓய்வு நாள். மனைவி தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டார். பயத்தில் முதல் தரமே ஓம் என்றுவிட்டேன். அவர் திடுக்கிட்டுப் போய்த் தண்ணீர் வைத்தார்.

“தம்பி, நீங்கள்தான் திரும்பத் தலைவராய் வரவேணும்” என்றேன்.

“நான் வேண்டாமெண்டனான். நீங்கள் சரியெண்டியள். முடிஞ்சுது.” அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். “பெரியம்மா, இவ்வளவு வருசமும் நான் வேண்டாமெண்டு சொல்லிச் சொல்லித்தான் தலைவராய் இருக்கிறன்! ஒருத்தரும் உங்களை மாதிரிச் செய்யேல்லை. ஒரு சொல்லுக்காவது திருப்பிக் கேட்டிருக்கலாம். இனிமேல் மெய்யாய் வேண்டாம்.”

புதன்கிழமை சுகந்தியோடு சிஞோரா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சுகந்தி சொல்ல, சிஞோரா சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். பிறகு, இன்றைக்கு வெளியே போவோம் என்று சொல்லித் தொப்பி போட்டார்.

வியா மக்வேதாவில் ஒரு ஆட்டோ பிடித்தார். ஆம், ஆட்டோ. சுற்றுலாக்காரருக்காகப் பூவும் படமும் வரைந்து ஓடவிட்டிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, மன்னார் பஸ் நிலையத்தில் நிற்கிற அதே மூன்று சில்லில் ஏறி இருந்தேன். குலுக்கலும் அதேதான்.

ஆட்டோவில் சிஞோரா தன் கதையைச் சொன்னார். வடக்கே தன் ஊரில் யூதப் பிள்ளைகளுக்கு ஒரு முழுநாள் பள்ளிக்கூடம். கணக்கும் விஞ்ஞானமும் எபிரேயமும் செபமும் எல்லாம் அங்கேதான். அதன் நிர்வாகசபையில் அவர் நெடுங்காலம் இருந்தாராம்.

“எங்கள் சபையில் ஒருவரும் வேண்டாம் என்று சொன்னது கிடையாது. எல்லாருக்கும் தலைவர் பதவி வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நீங்கள் வந்திருந்தால் ‘சரி’ சொல்லவே இடம் கிடைத்திருக்காது.”

“உங்களுக்கு என்ன சண்டை?” என்று சுகந்தி கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை. குளிர்கிற மாரி காலத்தில் வெளிச்சம் கெதியாய்ப் போய்விடும். அதற்கு முன்னே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச்சேர வேண்டும். மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் விடு என்று ஒரு பாதி. நாங்கள் வேலைக்குப் போகிறோம், பிள்ளையை ஆர் வந்து கூட்டிப்போவது என்று மற்றப் பாதி. ஒவ்வொரு மாரியும் இந்தச் சண்டை. புதுக் கட்டடத்துக்குப் படம் கீறினோம், ஆய்வுகூடத்துக்குப் படம் கீறினோம், இந்த வெள்ளிக்கிழமைக்கு வழி தெரியவில்லை.”

“பிறகு?”

“ஒரு பக்கத்துக்குத் தலைவர் பதவியைக் கொடுத்தோம். நேர அட்டவணையை மற்றப் பக்கத்துக்குக் கொடுத்தோம். தலைவர் அதில் கை வைக்கக்கூடாது. மற்றப் பக்கம் பொறுப்பை எடுத்த அன்றைக்கே இளகிவிட்டது.” அவர் தோளைக் குலுக்கினார். “பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. சண்டையும் நடக்கிறது. சண்டை நின்றுவிட்டது என்று செய்தி வந்தால்தான் எனக்குப் பயம் பிடிக்கும்.”

ஆட்டோ ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் போய், மீன் பெட்டி இறக்குகிற வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் போக முடியவில்லை. சாரதி எங்களை விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். என் முகத்துக்கு நேரே ஒரு கொம்பன் மீனின் வாள்போன்ற மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சிஞோரா சுவரைக் காட்டினார். தெருப் பெயர்ப் பலகை. இத்தாலி எழுத்து, அதோடு எபிரேயம், அரபு.

“பல நூறு வருடங்களுக்கு முன்னே இந்த ஒழுங்கையெல்லாம் எங்கள் ஆட்கள். அரசன் துரத்திவிட்டான்” என்றார். கண்ணாடி இல்லாமல் எழுத்துக்கூட்டி அந்தப் பெயரை வாசித்தார். “நகரத்தில் எழுத்து இருக்கிறது. பக்கத்தில் நின்று வாசிக்கத்தான் ஒரு பிள்ளை இல்லை.”

சுகந்தி அதை எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மீனைப் பார்த்தேன். மீன் என்னைப் பார்த்தது.

வியாழன் பின்னேரம் பவளம் டீச்சருக்கு ஓய்வு. அவர் வீட்டுக்குப் போனோம். என்னைக் கண்டதும், “மாஸ்டருக்குச் சரியெண்டு சொன்னியள் பாருங்கோ, அதுக்கு உங்களுக்குக் கோடி புண்ணியம்” என்றார். “எனக்கும் ஏன் சொன்னியள்?”

நேர அட்டவணை விசயத்தைச் சுகந்தி சொன்னாள். டீச்சர் பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளினார், தன் பக்கம் இழுத்தார், மறுபடி தள்ளினார். “யோசிப்பம்” என்றார்.

ஞாயிறு வந்தது. மண்டபம் போன கிழமையைவிட நிறைந்திருந்தது. கூட்டம் நடத்த வந்தவர்கள் பாதி, கூத்துப் பார்க்க வந்தவர்கள் பாதி. பங்குச்சாமி வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நடன வகுப்புக்காரி ஒருத்தி மண்டபத்தின் நீளத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தாள்.

அருள் மாஸ்டரை முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தார்கள்.

“எனக்கு வேண்டாம்” என்றார் மாஸ்டர்.

“தம்பி, நீங்கள் வரவேணும்” என்றேன்.

“வேண்டாம்.”

“வரத்தான் வேணும், தம்பி.” இது மூன்றாவது.

“வேண்டாம்” என்றார் மாஸ்டர்.

மூன்றாவதும் வேண்டாம் என்று வந்தால் என்ன செய்வது என்று எங்களூரில் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சுகந்தியைப் பார்த்தேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையை விட்டு எழும்பினேன். பந்தியில் சோறு பரிமாறும்போது ஒருவர் தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே பிடித்துத் தடுத்தால் நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. விரலுக்கு இடையால் போட்டுவிடுவோம். மாஸ்டர் வேண்டாம் என்று நீட்டிய கையில் அந்த இரும்புத் திறப்பை வைத்து, அவருடைய விரல்களை மடக்கிவிட்டேன்.

“காணும், காணும், பெரியம்மா!” என்றார் மாஸ்டர். சோறு கூடிப்போனால் போதும் என்று சொல்வது போலவே வந்துவிட்டது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு கோபப்பட ஏலாது.

“செயலாளர் பதவியும் நேர அட்டவணையும்…” என்று நான் தொடங்கினேன்.

“ஓம்!” என்றார் பவளம் டீச்சர். அவரை இன்னும் ஒருவரும் முன்மொழியவில்லை.

முன்மொழிந்து, வழிமொழிந்து முடிந்ததும் டீச்சர் எழும்பினார். “நேரத்தை நான்தான் சொல்லுவன், தலைவர் கதைக்கக்கூடாது. பள்ளிக்கூடம் ஞாயிறுதான்” என்றார். மாஸ்டரின் முகம் சுருங்கியது. டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்து அனுபவித்தார். பிறகு, “ஆனால் மொண்டெல்லோவிலை சனம் நிறையிற கோடைக்குத் திங்கள். மற்ற நாளையிலை கடைக்காரரின்ரை பிள்ளையளைப் பூசை முடிய நாங்கள் கூட்டிக்கொண்டு வந்து, சாப்பாடும் குடுத்து, வகுப்பிலை விடுறம். உங்களுக்கு ஏலுமெண்டால் கடையிலையிருந்து கொஞ்சம் கணவாய் அனுப்புங்கோ” என்றார்.

“அப்ப சரி” என்றார் மாஸ்டர். பங்குச்சாமி பெயரை எழுதிக்கொண்டு போனார். நடன வகுப்புக்காரி கால் அளவை நிறுத்திவிட்டு ஒரு ரோல்ஸ் வாங்கித் தின்றாள். சுகந்தி கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஒரு காரணமும் இல்லாமல் தன் சோலால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புது டஸ்டர் வாங்குவதென்று சபையின் முதல் தீர்மானம் நிறைவேறியது. பாண்ட் வாத்தியம் அடுத்த வருடத்துக்குப் போனது.

கடைசியில் ஒருவர், “பெரியம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குப் போஷகராய் போடுவம்” என்றார். கை தட்டினார்கள்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தலையைக் குனிந்து, “எனக்கு வேண்டாம், தம்பி” என்றேன்.

தலைவர் கதிரையில் இருந்து அருள் மாஸ்டர் என்னை நேரே பார்த்தார். திறப்பை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“சரி. வேண்டாமாம். அடுத்தது தேத்தண்ணி.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இன்னும் இரண்டு தரம் கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். சேலையில் எந்த நிறத்தில் பதவிப் பட்டி குத்துவார்கள் என்றுகூட அந்த ஒரு நொடியில் யோசித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் சிஞோராவிடம் பயணம் சொல்லப் போனோம். குளிர்ப்பெட்டி திறந்தது. தட்டு வந்தது.

“சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார்.

நான் பாடம் படித்தவள். அவர் கேட்டு முடிக்கமுன்னமே, “ஸீ, ஸீ” என்று இத்தாலி மொழியிலேயே ஓம் சொன்னேன். ஒரு கன்னோலி என் கைக்கு வந்தது.

அவர் நகரவில்லை. தட்டை மறுபடி நீட்டி, “சாப்பிடுகிறீர்களா?” என்றார். நான் விழித்தேன். இரண்டாவதையும் வைத்தார். பிறகு முகத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் கேட்டு, மூன்றாவதையும் வைத்தார். சுகந்தி அவருக்கு எங்கள் மூன்று தர வழக்கத்தை முழுதாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஒன்றை வாயிலும் இரண்டைக் கையிலும் வைத்துக்கொண்டுதான் நான் பலெர்மோவிலிருந்து புறப்பட்டேன்.